எமில்டாவுக்கு ஐந்து மொட்டு

ஜனவரி 6, திங்கள்

தண்ணீர்: காலை ஆறரை மணி. மழைத்தண்ணீர், இரண்டு கோப்பை. உரம்: இல்லை.

இப்படித்தான் எழுத வேண்டுமாம். மகள் ஷைனி நாகர்கோவிலிலிருந்து நேற்று வந்தபோது இந்த டைரியைத் தந்தாள். "எம்மா, ஆர்கிட் கண்காட்சியில இந்த வருஷம் புதுச் சட்டம். கடையில வாங்கிட்டு வந்து வைக்கியவங்கள ஒழிக்கதுக்கு, வீட்ல வளத்த செடிதான்னு ஒரு மாசக் குறிப்பு காட்டணும். தண்ணி விட்ட நாளு, உரம் போட்ட நாளு, அம்புட்டுதான். வேற ஒண்ணும் எழுதாண்டாம்" என்றாள்.

வேறு ஒன்றும் எழுத வேண்டாம் என்றால் ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம் எதற்கு?

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதோடு நிறுத்தியது அப்பா இல்லை, அப்பாவின் அக்காள் செல்லபாய். "பொட்டப்பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரிஞ்சாச்சில்லா, இனி அண்டி ஆபீசுக்கு அனுப்பு" என்று சொன்னாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையைத்தான் எங்கள் தக்கலைப் பக்கம் அப்படிச் சொல்வோம். அதைச் சொன்ன அன்று அவள் கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறச் சேலை. முந்தியில் ஒரு மஞ்சள் கறை இருந்தது.

வீட்டில் இருபத்து மூன்று ஆர்கிட் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் எனக்குக் கெடுதல் செய்தவர்களின் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். ஆளும் மறக்காது, தினமும் காலையில் நேருக்கு நேர் நின்று நாலு வார்த்தை கேட்கவும் வசதி. கிணற்றடியில் வேரைத் தலைமயிர் மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு, பதினொரு வருடமாய் ஒரு பூ காட்டாமல் ஆடுகிறதே, அது செல்லபாய்.

இன்று எழுத வந்தது வேறு. எமில்டா என்று பெயர் வைத்த செடியின் மொட்டு உறையைக் காலை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே நிழல் தெரிகிறது. மூன்று முறை எண்ணினேன். ஐந்து.

இதுவரை நாலுக்கு மேல் வைத்ததில்லை.

ஜனவரி 9, வியாழன்

தண்ணீர் இல்லை. சட்டியைத் தூக்கிப் பார்த்தேன், கனம் இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

தண்ணீர் ஏழு மணிக்கு. உரம்: சாளை மீன் கழுவின தண்ணீர், பத்துக்கு ஒன்று.

உறை பிளந்து மொட்டுகள் வெளியே வந்தாயிற்று. பச்சைப் பயறு அளவில் ஐந்து தலை. அடுத்த வீட்டில் பொங்கல் வைத்து எங்களுக்கும் கொடுத்தார்கள். அதை இலையில் வைத்துக்கொண்டே எமில்டாவின் பக்கத்தில் நின்று தின்றேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அதுக்கும் ஒரு வாய் குடு பிள்ள" என்றார். அவர் பெயர் தபசிமுத்து. ரப்பர் பால் வெட்டியவர், இப்போது வாழை வைத்திருக்கிறார். நாள் ஒன்றுக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார். அதில் ஒன்பது என்னைக் கிண்டல் செய்வதற்கு.

இந்தச் செடி எனக்கு வந்த கதையையும் எழுதி வைக்கிறேன். முப்பத்தொரு வருடம் முன்பு, அண்டி ஆபீஸ் மேனேஜர் பங்களாவில் முற்றம் பெருக்கப் போயிருந்தேன். அங்கே கொச்சம்மா, அதாவது மேனேஜரின் பெண்சாதி, ஆர்கிட் செடிகளைப் பிரித்து வேறு சட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆர்கிட்டில் முன்னால் வருகிற கிழங்குக்குத்தான் உயிர். அதில்தான் தளிரும் பூவும். பின்னால் இருக்கிற பழைய கிழங்கை யாரும் வைக்க மாட்டார்கள், எறிந்துவிடுவார்கள். எனக்கும் ஒரு துண்டு தருவீர்களா என்று கேட்டேன். என் கையைப் பார்த்தாள். அண்டிப்பால் பட்டுப் பட்டு விரல் எல்லாம் கறுத்து வெடித்திருந்தது. "இந்தக் கைக்கு இதொக்கெ வருமா?" என்று சிரித்துவிட்டு, சுக்கு மாதிரி வற்றிப்போன மூன்று பின்கிழங்கைக் குப்பைக்குழியில் வீசினாள்.

போகும்போது பொறுக்கிக்கொண்டு வந்தேன். தேங்காய்க் கதம்பையிலும் கரியிலும் வைத்தேன். இரண்டு அழுகிற்று. மூன்றாவதில் ஒரு வருடமும் நாலு மாதமும் கழித்து முளை வந்தது. பூக்க இன்னும் ஆறு வருடம்.

அதனால் முதலில் அதற்குப் பெயர் கொச்சம்மா. ஒன்பது வருடம் முன்பு பெயரை மாற்றினேன். அவளைவிடப் பெரிய ஆள் கிடைத்துவிட்டது.

ஜனவரி 20, திங்கள்

தண்ணீர் ஆறரை.

தலையில் கல் விழுந்த மாதிரி ஒரு செய்தி. ஷைனி போனில் சொன்னாள். மருமகனுக்குச் சென்னையில் பத்து நாள் பயிற்சியாம், இவளும் பேத்தியும் கூடப் போகிறார்களாம். மாமியார் குளிமுறியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. தனியே விட முடியாது. "எம்மா, அத்தய ஒங்ககிட்ட கொண்டு விடட்டா?"

அந்த மாமியார், என் சம்மந்தி, எமில்டா டீச்சர்.

உயர்நிலைப் பள்ளியில் சயன்ஸ் எடுத்து ஓய்வு பெற்றவள். ஒன்பது வருடம் முன்பு, ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பெண் வீடு பார்க்க வந்தாள். கண்காட்சிக்கு ஆறு நாள் இருந்தது. செடியில் நாலு மொட்டு. வலது கை ஆட்காட்டி விரலால் ஒரு மொட்டைத் தொட்டாள். "இம்புட்டுக் கஷ்டப்பட்டு இத வளக்கதுக்கு நாலு பிச்சிச்செடி நட்டா தலையிலயாவது வைக்கலாம் சம்மந்தி" என்றாள். நாலாம் நாள் நாலு மொட்டும் மஞ்சளித்துக் கொட்டியது.

அவள் கண். வேறு என்ன? அதற்குப் பிறகு அவள் பூக்காலத்தில் வராத வருடமெல்லாம் செடி ஒழுங்காகப் பூத்திருக்கிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? பயத்தில் இத்தனை வருடமும் நான் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கவில்லை, அந்தப் பக்கமே போகவில்லை. இந்த வருடம் ஐந்து மொட்டு என்றதும்தான் துணிந்து பெயர் கொடுத்தேன்.

மகளிடம் "கொண்டு விடு" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜனவரி 22, புதன்

டீச்சர் நாளை வருகிறாள். எமில்டாவைச் சாமான் ரூமுக்கு மாற்றிவிட்டேன். சின்ன ஜன்னல் இருக்கிறது, வெளிச்சம் போதும். மழை இல்லை, நத்தை இல்லை, முக்கியமாய் அவள் கண் இல்லை. பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டேன்.

வீட்டுக்காரர் சம்மந்திக்கு என்று நல்ல செந்துளுவன் வாழைக்குலையாகப் பார்த்து வெட்டினார். இரண்டு நாள் புகை போட்டு இன்று சாமான் ரூம் உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறார். பகையோ என்னவோ, வீட்டுக்கு வருகிறவளுக்குப் பழம் இல்லை என்று ஒரு சொல் வரக்கூடாது.

ஜனவரி 23, வியாழன்

வந்தாள். ஒரு பெட்டி, ஒரு குடை, மூன்று புத்தகம், ஒரு மாவுக்கட்டு. காரிலிருந்து இறங்கினதும், "பத்து நாளு ஒங்களுக்குத் தொந்தரவு, சம்மந்தி" என்றாள். "தொந்தரவு என்ன, வீடுதானே" என்றேன். இரண்டு பேரும் பொய்தான் சொன்னோம்.

சாப்பாட்டைக் கரண்டியால் இடது கையில் எடுத்துத் தின்றாள். பாதி மடியில் விழுந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஜனவரி 25, சனி

தண்ணீர் ஆறு மணிக்கே, டீச்சர் எழும்பும் முன்.

ஒரு கையால் தலைபின்ன முடியவில்லை அவளுக்கு. இரண்டு நாளாய்க் கோழி கிளறின மாதிரி இருந்தது. பொறுக்காமல் நானே உட்கார்த்தி எண்ணெய் வைத்து வாரிவிட்டேன். இடுப்பு வரை முடி. அறுபத்தெட்டு வயதில் இவ்வளவு முடி எதற்கு? சிக்கெடுக்க முக்கால் மணி நேரம்.

வாரும்போது கேட்டாள். "சம்மந்தி, அன்னைக்கு நான் வந்தப்ப மொட்டோட ஒரு ஆர்கிட் நின்னுச்சே, அது எங்க? பூத்து பாக்கணும்னு எனக்கு ரெம்ப ஆசையா இருந்துச்சு. நீங்க பிறவு காட்டவே இல்ல."

கொன்றவளே வந்து விசாரிக்கிறாள்!

"செத்துப்போச்சு" என்றேன்.

"அய்யோ" என்றாள். முகம் எனக்குத் தெரியவில்லை, பின்னந்தலைதான் தெரிந்தது.

ஜனவரி 26, ஞாயிறு



டீச்சரைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுச் சாமான் ரூமைத் திறந்தேன். ஐந்தில் ஒரு மொட்டு மஞ்சள். விரல் பட்டதும் கையில் வந்துவிட்டது.

நேரே வாழைத்தோட்டத்துக்குப் போனேன். "நீருதானே அவளுக்குத் திறந்து காட்டுனீரு?" என்று கத்தினேன்.

"எத?"

"சாமான் ரூமைய்யா!"

"சாவி ஒனக்க மடியிலல்லா கெடக்கு" என்றார். தொட்டுப் பார்த்தேன், கிடந்தது. நாலு நாளாய் அது என் மடியை விட்டு இறங்கவில்லை. குளிக்கும்போதும் கழுத்தில்தான் போட்டிருந்தேன்.

அப்படியானால் அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் கண் எப்படிப் படும்?

திரும்பிப் போய் அந்த ரூமுக்குள் நின்றேன். அரிசிப் பானை, மண்ணெண்ணெய் கேன், பழைய கட்டில், உத்தரத்தில் செந்துளுவன் குலை. பழுத்துச் சிவந்து வாசம் மூக்கைத் துளைத்தது. அந்த வாசத்தில் எனக்கு ஒன்று நினைவு வந்தது. எனக்கு எதுவும் மறக்காது, அதுதான் என் சாபம். ஒன்பது வருடம் முன்பு ஜனவரி முப்பதாம் தேதி சாயங்காலம் காற்றும் மழையும். மொட்டு உடைந்துவிடும் என்று செடியை இதே ரூமில் வைத்தேன். மறுநாள் அவள் வந்தபோது வெளியே எடுத்துக் காட்டிவிட்டு, திரும்ப உள்ளே வைத்தேன். அன்றும் உத்தரத்தில் ஒரு குலை தொங்கியது. செந்துளுவன். பெண் வீடு பார்க்க வருகிறவர்களுக்காக நான்தான் வெட்டச் சொன்னேன்.

செடியைத் தூக்கிக்கொண்டுபோய் ரப்பர் ஷீட் காயப்போடுகிற கொட்டகையின் பின்னால் வைத்தேன். நாலு மொட்டு.

ஜனவரி 27, திங்கள்

டென்ட்ரோபியம் ஆர்கிட்டில் பூத் தண்டு இரண்டு வெட்டினேன். ஒரே செடி, ஒரே வயதுப் பூ. இரண்டு கிளாஸில் தண்ணீர் வைத்து, ஒன்றைச் சாமான் ரூமில் குலைக்குக் கீழே வைத்தேன், ஒன்றை அடுக்களை ஜன்னலில். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்னட்டி, பூவுக்குப் பரீட்சையா?" என்றார்.

இரண்டு கிளாஸிலும் தண்ணீர் ஒரே அளவா என்று பார்த்தேன்.

ஜனவரி 29, புதன்

ரூமில் வைத்தது வாடிவிட்டது. ஜன்னலில் வைத்தது அப்படியே நிற்கிறது.

இன்று வேறு எழுதுவதற்கில்லை.

ஜனவரி 30, வியாழன்

தண்ணீர் ஆறரை. மொட்டு நாலும் விரல் நுனி அளவு. ஊதா நிறம் ஏறத் தொடங்கிவிட்டது.

நெய்மீன் வாங்கினேன். தலையை டீச்சருக்கு வைத்தேன், முள் எடுத்து. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடமாய்த் தலை அவருக்குத்தான்.

தலைவாரும்போது, சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். "டீச்சர், இந்தப் பழம் பழுக்குதில்லா, அதுலேர்ந்து எதாவது வெளிய வருமா?"

"வாயு ஒண்ணு விடும் சம்மந்தி. அதனாலதான் ஒரு பழம் பழுத்தா பக்கத்துல உள்ள காயும் சேந்து பழுக்குது. பூவு, மொட்டு பக்கத்துல இருந்தா அதுக்கும் வயசாயிரும். கொட்டிப்போவும்." பள்ளிக்கூடக் குரல் வந்துவிட்டது அவளுக்கு. "எட்டாங்கிளாஸ்லயே நான் இத சொல்லிக் குடுப்பேன். ஏன் கேக்குதிய?"

"நான் அஞ்சாங்கிளாஸ்தான்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்க எனக்க கிளாஸ்ல இருந்திருந்தா எல்லாருக்கும் முதல்ல இருந்திருப்பிய. பத்து வருஷம் முன்ன யாரு என்ன சொன்னாங்கன்னு தேதியோட சொல்லுதியளே."

மூன்று வகுப்பு. இன்னும் மூன்றே மூன்று வகுப்பு படித்திருந்தால்.

செல்லபாய்க்கு இன்று தண்ணீர் விடவில்லை.

பிச்சிப்பூ ஒரு முழம் வாங்கி டீச்சரின் தலையில் வைத்துவிட்டேன். வாரின தலை வெறுமையாய் இருந்தது, அதனால்தான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஷைனி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். வண்டியில் ஏறும்போது டீச்சர், "ஒங்கள மாதிரி ஒருத்தரும் எனக்குத் தலைவாரல்ல, எனக்க அம்மைக்குப் பிறவு" என்றாள்.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நல்லதுதான். எமில்டாவைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்தேன்.

பிப்ரவரி 5, புதன்

விரிந்துவிட்டது! காலையில் ஒன்று, மத்தியானத்துக்குள் இரண்டாவது. என் விரித்த கை அளவு இருக்கிறது ஒவ்வொன்றும். இதழ் இளம் ஊதா, உதடு கரும் ஊதா, தொண்டைக்குள் மஞ்சள். இத்தனை வருடத்தில் இவ்வளவு பெரிதாய்ப் பூத்ததில்லை. ஐந்து தின்ன வேண்டியதை நாலு தின்றிருக்கிறது.

ஷைனி போன் செய்தாள். படிவம் நிரப்ப வேண்டுமாம். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்ததால் வீட்டுக்காரர் பேசினார். பேர், ஊர், எத்தனை வருடமாய் வளர்க்கிறது, எல்லாம் சொன்னார்.

குறிப்பையும் கொடுக்க வேண்டும். இந்த டைரியைக் கொடுத்தால் என் மானம் போகும். தண்ணீரையும் உரத்தையும் மட்டும் தனித்தாளில் எழுதினேன். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

பிப்ரவரி 8, சனி

எழுதுகிறேன், ஒன்றும் விடாமல்.

மண்டபத்தில் அறுபத்தொரு செடி. சில செடிகள் ஏசி காரில் வந்திருந்தன. எங்களுடையது ஆட்டோவில், என் மடியில் இருந்து வந்தது. பள்ளம் வந்த இடத்திலெல்லாம் ஆட்டோக்காரனைத் திட்டினேன்.

நடுவர்கள் மூன்று பேர், வெளியூர்க்காரர்கள். ஒருவர் அளவுகோலால் பூவை அளந்தார். ஒருவர் பூவை விட்டுவிட்டு வேரைப் பார்த்தார், அவர்தான் விவரம் தெரிந்தவர். "பாட்டி, இந்தப் பழைய ரகத்த இப்ப எங்கயும் பாக்க முடியலையே. எந்த நர்சரியில வாங்குனீங்க?" என்று கேட்டார்.

"குப்பைக்குழியில" என்றேன்.

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கையை நீட்டிக் காட்டினேன். கறை போய்விட்டது, வெடிப்பின் தழும்பு இன்னும் இருக்கிறது. "இந்தக் கைக்கு வராதுன்னு சொல்லி எறிஞ்சாங்க. வந்துச்சு" என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு மைக்கில் சொன்னார்கள். முதல் பரிசு, ஞானதங்கம், தக்கலை. ஷைனி கத்தினாள். பேத்தி என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் துண்டால் மூக்கைத் துடைத்தார். ஜலதோஷம் என்றார்.

மேடையிலிருந்து கோப்பையோடு இறங்கி வந்தபோதுதான் பார்த்தேன். செடியின் முன்னால் எமில்டா டீச்சர் நிற்கிறாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சட்டியில் குத்தியிருந்த அட்டையைப் படிக்கிறாள். நானும் எட்டிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது.

செடியின் பெயர்: எமில்டா.

நான் தபசிமுத்துவைப் பார்த்தேன். "பேரு கேட்டா. சொன்னேன். அதானே அதுக்குப் பேரு?" என்றார். முகத்தில் ஒரு குற்றமும் இல்லை. அந்த மனுசனை முப்பத்தெட்டு வருடமாய் எனக்குப் புரிந்ததில்லை.

"எனக்க பேரா?" என்றாள் டீச்சர்.

கோப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"ஒம்பது வருஷமா இதான் பேரு டீச்சர்" என்றார் வீட்டுக்காரர். "நாளும் பத்து தடவ கூப்பிடுவா. காலையில எழும்புனா மொதல்ல அதுக்கிட்டதான் போவா."

எல்லாம் உண்மை. ஒரு வார்த்தை பொய் இல்லை.

"அப்ப செத்துப்போச்சுன்னு சொன்னது?" என்று என்னைப் பார்த்தாள். பிறகு அவளே, "எனக்கு இப்பிடி ஒரு அதிசயம் காட்டதுக்குத்தானா?" என்றாள். கண் நிறைந்துவிட்டது. மாவுக்கட்டு கையும் நல்ல கையுமாக என்னைக் கட்டிப்பிடித்தாள். கட்டு என் முதுகில் குத்தியது. கோப்பை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கியது.

சொல்ல ஒன்பது வருடத்துப் பேச்சு இருந்தது. அவள் தோள் வழியாகப் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு இதழ் அசையவில்லை.

இன்னொன்றும் எழுதி வைக்க வேண்டும். அளவுகோல் வைத்திருந்த நடுவர் இலையில் புள்ளி இருக்கிறது என்று அரை மார்க் குறைத்தாராம். பெயர் விசாரித்துவிட்டேன். புதிதாய் வந்த சின்ன வெள்ளை டென்ட்ரோபியத்துக்குப் பெயர் இல்லாமல் இருந்தது. இனி இருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

பூ உதிர்ந்து புது வேர் விட்டாயிற்று. செடியைப் பிரித்தேன். கத்தியைத் தீயில் காட்டி ஒரே வெட்டு. வெட்டின இடத்தில் கரித்தூள்.

ஷைனி வந்திருந்தாள், கட்டுப் பிரித்த கையோடு டீச்சரும். கிணற்றடியில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முன்கிழங்கு நாலு, தளிரோடு. பின்கிழங்கு மூன்று, வற்றிப்போனவை.

முன்கிழங்கைப் புதுச் சட்டியில் வைத்து அவள் மடியில் கொடுத்தேன். ஷைனி, "எம்மா, மாத்திக் குடுத்துட்டிய, உயிர் உள்ள துண்டு இதாக்கும்" என்று பதறினாள். "எனக்குத் தெரியும்" என்றேன். பின்கிழங்கை என் பழைய சட்டியில் வைத்தேன். இந்தக் கைக்கு அது வரும், ஒரு தடவை வந்ததுதான்.

டீச்சர் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, "சொல்லுங்க சம்மந்தி, நான் எழுதிக்கிடுதேன்" என்றாள். இப்போது பாடம் சொல்லிக்கொடுக்கிற இடம் எனக்கு, எழுதுகிற இடம் அவளுக்கு. சட்டி கனமாய் இருந்தால் தண்ணீர் வேண்டாம் என்றேன். காலை வெயில் போதும் என்றேன். மீன் கழுவின தண்ணீர் பத்துக்கு ஒன்று என்றேன். எல்லாவற்றையும் எழுதினாள்.

"அவ்வளவுதானா?"

ஒன்று பாக்கி இருந்தது. கொஞ்ச நேரம் கையில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்தேன்.

"மொட்டு வச்சிருக்க நேரம், பழக்குலை தொங்குத ரூம்ல மட்டும் வச்சிராதிய டீச்சர்" என்றேன். "நான் ஒருக்கா வச்சிட்டேன். அதுக்கு நீங்க காரணம் இல்ல."

அதையும் எழுதப் பேனாவைத் தாளில் வைத்தாள். பிறகு எழுதாமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

தண்ணீர்: இரண்டு செடிக்கும், மாலை ஐந்து மணி.